திரையில் இரண்டு நிமிடம்

எங்கள் சின்னத்திரை விழாவில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு விருதுகள். தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது இருபத்தாறு. மீதி எண்பத்தாறையும் முந்தின ஞாயிறு பகலிலேயே ஒரு மண்டபத்தில் வைத்துக் கொடுத்து முடித்துவிடுவோம். ஒலி, ஒளி, ஒப்பனை, தையல், படத்தொகுப்பு என்று உடம்பு வளைந்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். அழகாக அழுகிறவர்களுக்கு மட்டும்தான் நேரலை. இதைச் சொன்னால் அலுவலகத்தில் என்னை வாயாடி என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் நேரப் பிரிவு. பிரிவு என்றதும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, சுவரை அடைத்த ஒரு திரை, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பதிவேடு, அவ்வளவுதான். ஒரு நடிகர் திரையில் எத்தனை நேரம் தெரிகிறார் என்று எடுத்து எழுதுவது என் வேலை. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று என் கணவர் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறார். அவர் வங்கியில் இருந்தவர். அடுத்தவர் பணத்தை எண்ணுவது மட்டும்தான் வேலை என்று அவருக்கு எண்ணம்.

இந்த வேலை வந்த கதையைச் சொல்ல வேண்டும். விழா ஆரம்பித்த காலத்தில் ஆறே விருதுகள்தான் இருந்தன. ஒரு ஓட்டலின் சாப்பாட்டு அறையில் கொடுத்தார்கள். நடுவர்களை இரண்டு நாள் அதே ஓட்டலில் ஒரு அறையில் அடைத்து, எல்லாத் தொடர்களையும் போட்டுக் காட்டி, 'முழுவதும் பார்த்தேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள் என்று கேள்வி. ஆனாலும் திரைக்கு எதிரில்தான் தூங்கினார்கள். பிறகு உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, தொடர்களின் குறுந்தட்டுகளைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பினோம். அதோடு பார்க்கிற வழக்கம் ஒழிந்தது. பெயரைப் பார்த்து ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் ஒரு வருடம் ஒரு பெரிய நடிகர் துணை நடிகர் விருதை வாங்கினார். அந்தத் தொடரில் அவர் ஒரு கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, "தப்பான வீடு போல" என்று சொல்லிவிட்டு மூடுவார். பதினொரு நொடி. நட்புக்காக வந்து போனவர். மேடையில் அவர் நன்றி சொன்னது மூன்று நிமிடம். அடுத்த நாள் பத்திரிகைகள் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டின. அந்த வாரமே விதி வந்தது: இறுதிப் பட்டியலில் வர வேண்டுமானால், அனுப்பிய அத்தியாயத்தில் நடிகர் குறைந்தது இரண்டு நிமிடமாவது திரையில் தெரிய வேண்டும். தெரிவது என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. அதை எழுதியது நான்.

முதுகு தெரிந்தால் சேரும், தோள்வரை தெரிய வேண்டும். குரல் மட்டும் வந்தால் சேராது. சுவரில் மாட்டிய புகைப்படம் சேராது. கண்ணாடியில் தெரியும் உருவம் சேரும். கை மட்டும், கால் மட்டும் தெரிந்தால் சேராது. நிழலுக்கு மட்டும் மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது, கடைசியில் சேராது என்று முடிவானது. மொத்தம் பதினான்கு விதிகள். என் பெயர் எதிலும் இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் என்னுடையது. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

இந்த வருடம் துணை நடிகைப் பிரிவில் ஓட்டு எண்ணி முடித்ததும் முதல் ஆறு பெயர்கள் திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தன. ஐந்து பேரைத் தெரியும். ஆறாவது பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. படிவத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது, பக்கத்து வீட்டம்மா.

அவரை உங்களுக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக எல்லாத் தொடரிலும் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர். பால் வாங்க வருவார், கல்யாணம் நின்றுபோனதைக் கேட்டு வாயில் கைவைப்பார், சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு எழுதித் தரும் தாளில் 'பக்கத்து வீட்டம்மா' என்றே இருக்கும். அத்தியாய முடிவில் ஓடும் எழுத்துகளில் 'மற்றும் பலர்' என்பது அவர்தான். இந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் யாரோ புண்ணியவான் அவரை வீடு மாற்றியிருந்தான். மகனைப் பிடித்துக்கொண்டுபோன காவல் நிலையத்தின் நடையில், ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் காத்திருக்கிறார். ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு ஆகாது. "உள்ள லைட் எரியுதா, சார்?" அவ்வளவுதான் வசனம். தட்டைப் பார்க்காமல் ஓட்டுப் போடுகிறவர்கள்கூட அந்த அத்தியாயத்தைப் பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. ஓட்டுகள் குவிந்திருந்தன.

பதினோரு ஷாட். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று தடவை நேரம் எடுத்தேன். மூன்று தடவையும் ஒரு நிமிடம் ஐம்பத்தாறு நொடி. பையைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரியும் ஒன்பது நொடி வேறு இருந்தது, ஆனால் கை சேராது. தகுதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருத்தமாக இருந்தது. வருத்தத்தைப் பதிவேட்டில் எழுத இடம் கிடையாது.

நீக்கப்பட்டவர்கள் வந்து நேரம் எடுப்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்று விதி உண்டு. பெரிய நடிகர்கள் வக்கீலை அனுப்புவார்கள். பக்கத்து வீட்டம்மா புதன்கிழமை காலை தனியாக, பேருந்தில் வந்தார். எழுபத்தொரு வயது. நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சண்டை போட வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஜெயிக்கணும்னெல்லாம் ஆசை இல்லம்மா. அந்த ஆறு பேரை வாசிப்பாங்கல்ல, அதுல என் பேரை ஒரு தடவை வாசிச்சாப் போதும். என் வீட்டுக்காரர் போனப்போ பேப்பர்லகூட 'பக்கத்து வீட்டம்மாவின் கணவர்'னுதான் போட்டான்."

நான் திரையைப் போட்டேன். அவர் எதிரிலேயே எடுத்தேன். ஒன்று ஐம்பத்தாறு. கை வரும் இடத்தில் மட்டும், என் விரல் அசையாததைப் பார்த்து நிமிர்ந்து, அதுவும் தான்தானே என்று கேட்டார். கை சேராது என்று விதியைக் காட்டினேன். யார் இப்படியெல்லாம் எழுதினார்கள் என்று கேட்டார். குழு என்றேன். முழுப் பொய் இல்லை, கூட்டத்தில் ஏழு பேர் தலையாட்டியிருந்தார்கள். அவர் அளவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"என் குரலா இது? கொஞ்சம் கீச்சுன்னு கேக்குதே."

எல்லாருக்கும் தன் குரல் அப்படித்தான் கேட்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். எத்தனையோ நடிகர்களிடம் சொன்ன பதில். அன்று மாலையே ஏழாவதாக இருந்த பெண்ணிடம் எங்கள் செயலாளர் போன் செய்து புகைப்படம் கேட்டார். எதற்கு என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்த வாரத்தில் படம் கேட்டால் எதற்கென்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வரும்போது கணவர் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதே அத்தியாயத்தின் மறு ஒளிபரப்பு. எனக்கு முதுகு திரையின் பக்கம் இருந்தது, தலை துவட்டிக்கொண்டிருந்தேன். "உள்ள லைட் எரியுதா, சார்?" என்று கேட்டது. கனத்த குரல். அடித்தொண்டையிலிருந்து வருகிறது. என் அறையில் நான் நாலு தடவை கேட்ட குரல் இல்லை.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என்ன ஆயிற்று, பேயடித்த மாதிரி நிற்கிறாய் என்று கணவர் கேட்டார். இந்த அத்தியாயம் எத்தனை நிமிடம் ஓடும் என்று அவரைக் கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், விளம்பரத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்று திருப்பிக் கேட்டார்.

படிவத்தில் நாற்பத்தெட்டு நிமிடம் என்று இருந்தது. என்னிடம் இருந்த நகல் நாற்பத்தாறு நிமிடம் ஐந்து நொடி. இந்த வித்தியாசத்தை நான் திங்கட்கிழமையே பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்டுகொள்ளவில்லை. 'இதுவரை நடந்தது' என்று முன்கதை காட்டுவார்களே, போட்டிக்கு அனுப்பும்போது தயாரிப்புக் கம்பெனிக்காரர்கள் அதை வெட்டிவிடுவார்கள். இரண்டு நிமிடம் குறைவது இந்தத் தொழிலில் சகஜம். புதிதாக வந்த ஒருத்தி என்றால் ஏன் குறைகிறது என்று கேட்டிருப்பாள். எனக்கு அனுபவம் இருந்ததால் கேட்கவில்லை.

கம்பெனிக்கும் நகல் எடுத்த இடத்துக்கும் போன் செய்து கேட்டேன், முன்கதையை யாரும் வெட்டவில்லை. இந்த வருடம்தான் நகல் எடுக்கும் வேலையைப் புதிதாக ஒரு கடைக்குக் கொடுத்திருந்தோம். தொடரைப் படமாக்கியது நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் என்ற கணக்கில். கடைக்காரனின் இயந்திரம் இருபத்தைந்து ஓட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் ஒரு இழை வேகமாக நடப்பார்கள், ஒரு இழை கீச்சென்று பேசுவார்கள். ஒரு நிமிடம் ஐம்பத்தாறை இருபத்தைந்தால் பெருக்கி இருபத்துநான்கால் வகுத்தேன். இரண்டு நிமிடம், அதற்கு மேல் முக்கால் நொடியும் கொஞ்சமும். 

இந்த வருடத்துப் பதிவேடு முழுவதையும் புரட்டினேன். மற்றவர்கள் எல்லாரும் பத்து நிமிடம், இருபது நிமிடம் வருகிறவர்கள், அவர்களுக்கு இந்த வேகத்தால் ஒன்றும் கெடவில்லை. அந்த நாலே முக்கால் நொடிச் சந்தில் விழுந்தது ஒரே ஒருவர்தான். அவரிடம்தான் நான் முகத்துக்கு நேராகக் கையெழுத்து வாங்கியிருந்தேன். தன் குரல் இல்லை என்று அவர் சொல்லியும் இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் செயலாளரிடம் போனேன். எதைக் கேட்டாலும் 'பார்த்துக்கலாம்' என்பவர், எங்களுக்குள் அவர் பெயரே அதுதான். அன்றைக்குப் பார்த்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. பட்டியல் உறையில் போட்டு மூடியாயிற்று, நாளைக் காலை எட்டு மணிக்கு அறிவிப்பு, அந்தப் பெண் படம் அனுப்பிவிட்டது, இந்த அம்மாளும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அடுக்கினார்.

"முக்கால் செகண்டு, மேடம். உங்க கட்டைவிரல் அதுக்குள்ள தப்பு பண்ணாதா?"

"பண்ணும் சார். ஆனா அந்தத் தப்ப இருபத்திரண்டு வருஷமா யாருக்கும் சாதகமா எடுத்துக்கல, பாதகமாவும் எடுத்துக்கல. இன்னைக்கு மட்டும் எதுக்கு?"

பதிமூன்றாம் விதியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அறிவிப்பு வரும்வரை, நேரம் எடுத்தவரே தன் அளவை ரத்து செய்யலாம்; வேறு நகலில், சாட்சி வைத்து மறுபடி எடுக்க வேண்டும்; தவறு ஆண்டறிக்கையில் பதிவாகும். எழுதியபோது இதை யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்று நினைத்த விதி. அவர் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. அறிக்கையில் என் பிரிவின் பெயர் வரும் என்று எச்சரித்தார். வரட்டும் என்றேன். சொல்லும்போது துணிச்சலாகத்தான் இருந்தது, வெளியே வந்ததும் அந்த விதியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

கம்பெனியிலிருந்து மூல நகலை வரவழைத்து, செயலாளரையே சாட்சியாக உட்காரவைத்து, சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தேன். இரண்டு நிமிடம், முக்கால் நொடி. மூன்று தடவை. மூன்றாவது தடவை அவரே வாட்சை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். உறை பிரிக்கப்பட்டது. படம் அனுப்பிய அந்தப் பெண்ணிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு பெயர்களையும் வாசித்தார்கள். பக்கத்து வீட்டம்மாவின் பெயரை நாலாவதாக வாசித்தார்கள். வாசித்த பெண் அந்தப் பெயரில் மட்டும் ஒரு கணம் தடுக்கி, பிறகு சரியாகச் சொன்னாள். நான் அறையில் தனியாக இருந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து நின்றார். சந்தோஷமாக வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி, தட்டச்சு செய்த கடிதம். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை. பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

"வயசானவ, பாவம்னு நாலு செகண்டு சேத்துப் போட்டுட்டீங்க. உங்க மனசு நல்ல மனசும்மா. ஆனா முப்பத்தெட்டு வருஷமா யார் வீட்டுக் கதவை வேணும்னாலும் தட்டியிருக்கேன், கதைக்காக. நெசத்துல ஒருத்தர்கிட்டயும் போய் நின்னதில்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் மேல் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், கல்நெஞ்சக்காரி என்பது உட்பட. கூட்டிப் போட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நகல் கடை, இருபத்துநான்கு, இருபத்தைந்து என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். குரல் கீச்சென்று கேட்டது அதனால்தான், உங்கள் காது சரி, என் காதுதான் தப்பு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடன்காரன் சாக்குச் சொல்லும்போது கேட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"மிஷின் மேல பழி போடுறது சுலபம். அது வந்து இல்லைன்னு சொல்லாது."

மூல நகல் இன்னும் என்னிடம்தான் இருந்தது. திரையைப் போட்டேன். ஸ்டாப்வாட்சை அவர் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அதை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் தெரியும்போது அழுத்துங்கள், மறைந்ததும் மறுபடி அழுத்துங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன், இரண்டு நிமிடத்துக்கு ஒரு நொடி குறைந்தாலும் பேனாவை நானே தருகிறேன் என்றேன். அவர் சம்மதித்தார்.

முதல் நாலு ஷாட் சரியாக எடுத்தார். நடையில் வருவது, பெஞ்சைத் துடைப்பது, உட்காருவது, எழுந்து மறுபடி உட்காருவது. கட்டைவிரல் டக் டக்கென்று விழுந்தது. என்னைவிட நன்றாகவே எடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு முகம் மட்டும் தெரியும் அந்த ஷாட் வந்தது.

அவர் அழுத்தவில்லை. திரையில் அவருடைய முகம் சுவர் முழுவதும் நிறைந்திருந்தது. பொத்தானின் மேல் விரல் இருக்கிறது, விரல் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவ்வளவு பெரிதாகத் தன் முகத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார், இந்த வேலையில் அவரை யாரும் அவ்வளவு பக்கத்தில் எடுத்ததில்லை. புதன்கிழமை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய்வரைக்கும் வந்தது. பேச மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். "உள்ள லைட் எரியுதா, சார்?" என்று திரை கேட்ட பிறகுதான் திடுக்கிட்டு அழுத்தினார். பத்து நொடி போயிருந்தது. மீதி ஷாட்டுகளை ஒழுங்காக எடுத்து முடித்தார். விட்டுப்போனது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

திரையை நிறுத்தினேன். அவர் வாட்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"எழுத்து பொடிசா இருக்கு, கண்ணாடி எடுத்துட்டு வரல. நீங்களே பாத்துச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

ஒரு நிமிடம் ஐம்பத்தொரு நொடி.

இன்னொரு தடவை எடுப்போம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இரண்டு நிமிடம் வரும்வரைக்கும் எடுத்துக்கொண்டே இருப்பீர்களா என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுவார். ஒரு ஷாட்டில் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லலாம். அதையும் சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். சரியான நேரம் எதுவென்று அந்த அறையில் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அதை நிரூபிக்க என்னிடம் இருந்தது தப்பான ஒரு எண். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல முக்கால் செகண்டு," என்றேன்.

என் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப அது எனக்கு வந்ததுதான்," என்றார். கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பையை மடியில் வைத்தபடியே கொஞ்ச நேரம் அழுதார். நான் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவர் குடித்துக்கொண்டிருந்தபோது வாட்சை மேசைக்கடியில் பிடித்து, எண்களைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குப் பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை.